கிளி தலைகீழாக நிற்கிற வாசல்

ஐநூறும் ஆயிரமும் இனிச் செல்லாது என்று சொல்லி ஊரே பேங்க் வாசலில் வரிசையில் நின்றதே, அந்த வருஷம். ஐப்பசியில் மழை ஏமாற்றிவிட்டது. கார்த்திகையிலேயே ஒக்கூர்க் கண்மாய் வெடித்துக் கிடந்தது. அந்தக் கார்த்திகையில்தான் மெட்ராஸில் முதலமைச்சர் அம்மா இறந்துபோய், பஸ் ஓடாமல், டீக்கடை கூடத் திறக்காமல் ஊர் அடைந்து கிடந்தது. பஸ் திரும்ப ஓட ஆரம்பித்த மறுநாள், வியாழக்கிழமை, காலை வெயில் ஏறுமுன் ஒக்கூரில் ஒரு செட்டியார் வீட்டு வாசல் நிலையை நான் இறக்கினேன். உன் அம்மா எலுமிச்சம்பழச் சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். உப்புப் பத்தவில்லை. என் ஞாபகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள், தம்பி. இதை எதற்காக இப்படி ஒவ்வொன்றாகச் சொல்கிறேன் என்று உனக்கே தெரியும்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அடுத்த வீட்டு ஸ்டெல்லா டீச்சர் எழுதுகிறார். பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் தமிழ் சொல்லிக்கொடுத்து ரிட்டையர் ஆனவர், நான் பேசுகிற மாதிரியே எழுதக் கை வராது, திருத்தித்தான் எழுதுவேன் என்கிறார். "ஆசாரியாரே, எங்கேயாச்சும் ஒரு புள்ளி வைங்க, எனக்கு மூச்சு வாங்குது" என்று இப்போதே ஒருதரம் அதட்டிவிட்டார். போனில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் "மாத்திரை போட்டீகளா?" என்கிறாய். அதற்கு ஆமாம் என்றதும் "மதுரை டாக்டர்ட்ட எப்பப் போறீக?" என்கிறாய். தலைக்குப் பார்க்கிற டாக்டர். கடிதம் என்றால் நீ நடுவில் வெட்ட முடியாது. அதனால் கடிதம்.

போன மாசியில் டிக்கெட் போட்டு என்னைப் பாங்காக்குக்குக் கூப்பிட்டாய். பத்து நாள் உன் பத்தாவது மாடியில் உட்கார்ந்து ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் உனக்கு ஆபீசில் தலைபோகிற வேலை. நான் மட்டும் அந்தப் பழைய ஊருக்குப் போய்வருகிறேன் என்றேன், அயுத்தயா என்று நீ படம் காட்டிய இடம். "தனியாவா? எழுத்துத் தெரியாம எப்படிப் போவீக?" என்று பதறினாய். எனக்குச் சிரிப்பு வந்தது. காரைக்குடியில் பஸ் போர்டையே படிக்கத் தெரியாதவனுக்குத் தாய்லாந்து எழுத்து என்ன புதுப் பயம்? எனக்கு எல்லா ஊரும் ஒன்றுதான். ஆளைப் பார்ப்பேன், கையைக் காட்டுவேன், போய்ச் சேருவேன். நீ பழைய போன் ஒன்றைக் கொடுத்தாய். நான் தமிழில் சொன்னால் அது அவர்கள் பாஷையில் சொல்லும், அவர்கள் சொன்னால் தமிழில் சொல்லும். கழுத்தில் உன் நம்பர் எழுதிய அட்டையைக் கட்டி ரயிலில் ஏற்றிவிட்டாய். அந்த அட்டையைக் கட்டும்போது, நீ ஒண்ணாம் வகுப்பில் சேர்ந்த அன்று உன் சட்டையில் நான் கைக்குட்டையை ஊசி குத்தி மாட்டிவிட்டது நினைவு வந்தது. சொல்லவில்லை.

இறங்கியதும் மூக்கு உருண்ட ஆட்டோ ஒன்று வந்தது. ஓட்டியது ஐம்பது வயசுப் பெண். என்னை "லுங், லுங்" என்றாள். மாமா என்கிற மாதிரி என்று போன் சொன்னது. அவள்தான் அன்று பகல் முழுக்க என்னைக் கொண்டு திரிந்தாள். செங்கல் கோபுரங்களைப் பார்த்தேன், ஒன்று சாய்ந்து நிற்கிறது, ஒன்று பாதியில் நிற்கிறது. சாந்தெல்லாம் உதிர்ந்து செங்கல் மட்டும் பல்லாக நிற்கிறது. ஒரு இடத்தில் மரத்து வேருக்குள் ஒரு கல் தலை, புத்தருடைய முகம், தூங்குகிற பிள்ளை மாதிரி. படம் பிடிக்க வந்தவர்களைக் காவல்காரன் உட்காரச் சொன்னான். அந்தத் தலையைவிட நம் தலை உசரத்தில் இருக்கக் கூடாதாம். வெள்ளைக்காரி ஒருத்தி மண்ணில் மண்டியிட்டாள். நானும் குத்தவைத்து உட்கார்ந்தேன். ஒரு உடைந்த தலைக்கு இத்தனை மரியாதையா என்று நெஞ்சு நிறைந்து போனது.

அடுத்த மதிலுக்குப் பின்னால் தலையே இல்லாத புத்தர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மடியில் கை மட்டும் அப்படியே இருக்கிறது. தலையெல்லாம் எங்கே என்று போனிடம் கேட்டேன். ஆட்டோக்காரி கழுத்தில் கையை வைத்து அறுத்துக் காட்டிவிட்டு நிறையப் பேசினாள். போன் சொன்னது: "சண்டை. தீ. பின்னால் திருடர்கள். தலை விலைபோகும். உடம்பு கனம்." "அடப் பாவிகளா! சாமி தலையவாடா அறுத்து விப்பீக? வாங்குனவன் வீடு வெளங்குமா?" என்றேன். போன் அதை அவள் பாஷையில் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அன்று நான் சாபம் கொடுத்த நேரம் பகல் பதினொன்று இருக்கும். அது என் மேலேயே திரும்பி வர மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை.

நடுவில் சாப்பாடு. உள்ளங்கை அளவுக் கிண்ணத்தில் கறுத்த குழம்பும் நூடுல்ஸும் தந்தார்கள். ஒரு வாய்தான் இருந்தது, இன்னொன்று கேட்டேன். ஆறு கிண்ணம் ஆயிற்று. அப்புறம்தான் குழம்பு ஏன் கறுப்பு என்று போனில் கேட்டேன். "பன்றி ரத்தம்" என்றது போன், கூச்சமே இல்லாமல். நம் ஊர் ஆட்டு ரத்தப் பொரியலை விரும்பித் தின்றவன்தான் நான், இருந்தாலும் ஒரு நிமிஷம் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏழாவது வேணுமா?" என்று ஆட்டோக்காரி கண்ணடித்தாள். பிறகு முக்காடு போட்ட ஒரு அம்மா கடையில், துணி மாதிரி மெல்லிய ரொட்டிக்குள் பஞ்சு மிட்டாயைச் சுருட்டித் தந்தார்கள். பச்சை ரொட்டி, ரோஸ் மிட்டாய். உன் அம்மாவுக்கு ஒன்று வாங்கிப் போக வேண்டும் என்று நினைத்த பிறகுதான் அவள் இல்லை என்பது நினைவு வந்தது. இதையும் மறதி என்று சேர்த்துக்கொள்ளாதே. அது வேறு.

அதற்குள் எனக்கு ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தது. சுண்டுவிரலைக் காட்டினேன். அவளுக்குப் புரியவில்லை. வயிற்றைப் பிடித்துக் காட்டினேன். ஐயோ என்று ஆட்டோவைத் திருப்பி ஆற்றங்கரையில் ஒரு பெரிய சாப்பாட்டுக் கடை வாசலில் விட்டாள். உள்ளே வெள்ளைக்காரர்களும் பூங்குடைகளும். சும்மா போகக் கூடாதே என்று ஒரு இளநீர் சொல்லிவிட்டு, போனை மேஜை மேல் வைத்துவிட்டு, பையன் கை காட்டிய பக்கம் போனேன். இரண்டு எட்டு வைத்திருப்பேன். நின்றுவிட்டேன்.

எதிரே பர்மாத் தேக்கு நிலை. மேலே பலகையில் தாமரையில் உட்கார்ந்த லெட்சுமி, இரண்டு பக்கமும் யானை. யானைத் தும்பிக்கையில் ஆணி அடித்து ஒரு அம்புக்குறித் தகடு தொங்குகிறது. ஒரு நிலைக்காலில் பாவாடை போட்ட பெண் படம், மறுகாலில் ஆண் படம். அந்த வாசல் வழியாகத்தான் எல்லாரும் கக்கூசுக்குப் போகிறார்கள், வருகிறார்கள், கை ஈரத்தை உதறுகிறார்கள்.

நம் பக்கத்து நிலை மாதிரி இருக்கிறதே என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு இடது யானையைப் பார்த்தேன். தந்தத்தின் நுனி ஒடிந்திருந்தது. அதை ஒடித்தவன் நான். அந்த வியாழக்கிழமை இறக்கும்போது கயிறு நழுவிச் சுவரில் இடித்து ஒடிந்தது. எழுத்துத் தெரியாததால் எந்தத் துண்டு எங்கே என்பதற்கு நான் உளியால் வெட்டு வைப்பேன், தலைப்பக்கத்துக்கு ஒன்று, கால்பக்கத்துக்கு இரண்டு, வலதுக்குக் குறுக்கே ஒரு கீறல். பலகையின் ஓரத்தில் என் வெட்டு இருந்தது. தம்பி, ஊரில் இருந்து இத்தனை தூரம் வந்து, மொழி தெரியாத இடத்தில், மூத்திரம் போக வந்த வாசலில் என் கையெழுத்தைப் பார்த்தேன். எனக்கு அது ஒன்றுதான் கையெழுத்து.

இப்போது ஒக்கூருக்கு வா. அந்த வீட்டில் மிஞ்சி இருந்தது ஒரு ஆச்சி மட்டும்தான். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. பங்காளிகள் எல்லாரும் வீட்டைப் பிரித்துக் கொடுப்பதென்று முடிவெடுத்து, தூண், உத்தரம், கண்ணாடி எல்லாம் பழைய சாமான் கடைக்காரர் ஒருவருக்குப் பேசியாகிவிட்டது. ஆச்சி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நிலையை மட்டும் விடமாட்டேன் என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கடைக்காரர் என்னை ஓரமாக இழுத்தார்.

"ஆசாரி, நீங்க சொன்னா ஆச்சி கேப்பாக. கோயிலுக்குப் போகுதுன்னு சொல்லுங்க."

"நெசமாவே கோயிலுக்கா?"

"ஆமாங்கறேன்ல. வடக்க ஒரு பெருமாள் கோயிலு. சும்மா நோண்டாதீக."

நான் போய்ச் சொன்னேன். ஆச்சி என் முகத்தையே பார்த்தார். "ஆசாரி, நீ சொல்றதுனால எந்திரிக்கிறேன்" என்று முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார். கடைக்காரர் சொன்னதற்காக அவர் எழுந்திருக்க மாட்டார், தம்பி. என் வாயில் வந்ததால் எழுந்தார்.

நிலை வைக்கும்போது வலதுகாலில் மேலே ஒரு சின்னக் குழி வெட்டி, மஞ்சள் துணியில் பொட்டுத் தங்கமும் பவளமும் முடிந்து வைத்து மூடுவது நம் வழக்கம், உனக்குத் தெரியும். இறக்கியதும் அந்தக் குழியைத் திறந்து, இற்றுப்போன துணியோடு ஆச்சி கையில் கொடுத்தேன். அவர் உள்ளே போய் ஒரு சின்ன வெள்ளிக் கொலுசைக் கொண்டுவந்தார். என் சுண்டுவிரலும் கட்டைவிரலும் சேர்ந்தால் வருகிற வளையம். "எம் மகளோடது. ரெண்டரை வயசுல காய்ச்சல்ல போயிட்டா. ஒத்தக் கொலுசு, இன்னொண்ணு அவளோட போயிருச்சு. சாமி வாசலுக்குத்தான போகுது, குழி காலியா இருக்க வேணாம். இத வையி." வைத்தேன். மெழுகு ஊற்றி, தேக்கிலேயே தக்கை செய்து, மரத்தின் நாரோட்டம் பார்த்து அடித்து இழைத்தேன். தடவினால்கூடத் தெரியாது. மேலிருந்து ஒரு சாண், உள்பக்கம்.

இறக்கினவன்தான் ஏற்ற வேண்டும், அது எங்கள் வேலையில் முறை. எப்போது வரட்டும் என்று கடைக்காரரிடம் கேட்டேன். "அங்க கோயில் ஆசாரி இருக்காக, நீங்க எதுக்கு? அடுத்த வீடும் ஒங்களுக்குத்தான்" என்றார். அப்போதே என் மனசில் ஒன்று இடித்தது. இரண்டாம் முறை கேட்கவில்லை. அதுகூடப் பெரிசில்லை. வீட்டைப் பிரித்தபின் ஆச்சி காரைக்குடி செக்காலையில் ஒற்றை அறைக்கு வந்துவிட்டார். பொங்கலுக்குப் பொங்கல் போவேன். "நிலை நல்லாருக்கா ஆசாரி?" என்பார். "நல்லாருக்கு ஆச்சி, வெளக்குப் போடுறாக" என்பேன். அடுத்த வருஷம் மாலை போடுகிறார்கள் என்றேன். அதற்கடுத்த வருஷம் எண்ணெய்க் காப்புச் செய்தார்கள் என்றேன். "திருக்கோஷ்டியூருக்குப் பக்கமா? ஒருநாளு என்னையக் கூட்டிட்டுப் போயேன்" என்றார். "அதுக்கும் தள்ளி ஆச்சி, அம்புட்டு தூரம் பஸ்ஸுல ஒங்களால ஒக்கார முடியாது" என்றேன். பார்க்காத கோயிலை வருஷத்துக்கு ஒரு கல்லாக நானே கட்டினேன்.

அந்தக் கோயிலைத்தான் ஆற்றங்கரையில் பார்த்தேன். பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். வலதுகாலில் மேலிருந்து ஒரு சாண் அளந்து தடவினேன். தக்கை இல்லை. நகத்தால் கீறினேன். வெறும் மரம். யாரோ எடுத்துவிட்டுக் குழியை அடைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். சட்டைப்பையில் இருந்த கரண்டிக் காம்பால் நெம்பிக்கூடப் பார்த்தேன். அது மேஜையில் இருந்து எப்படிப் பைக்குள் வந்தது என்று அந்த நிமிஷம் யார் யோசித்தது? ஒருத்தி வீறிட்டாள். பையன்கள் ஓடிவந்து இடுப்பைப் பிடித்தார்கள். நான் "ஆச்சி, ஆச்சி" என்று கத்தியிருக்கிறேன். போன் மேஜையில் இருந்தது. என் தமிழ் அங்கே யாருக்கும் வெறும் சத்தம்.

கழுத்து அட்டையைப் பார்த்து உன்னைக் கூப்பிட்டார்கள். நீ கார் பிடித்து வந்தாய். வேர்த்து, டை அவிழ்ந்து. "என்னப்பா இது? கக்கூசுக் கதவையா பேத்தீக? மானம் போகுதுப்பா!" என்றாய். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீ மேனேஜர் பக்கம் திரும்பி இங்கிலீஷில் ஏதோ சொல்லி, உன் நெற்றிப்பொட்டை விரலால் இரண்டு தரம் தட்டிக் காட்டினாய். அந்த ஆள் முகம் உடனே இளகிப்போய் என்னைப் பார்த்துக் கும்பிட்டான். பைத்தியத்துக்குக் கொடுக்கிற கும்பிடு. என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தாய், தெரியும். ஆனால் அதற்கு மேல் என் வாய் திறக்கவில்லை.

காரில் "அங்க என்ன இருக்குன்னு ஏறுனீக? சொல்லுங்கப்பா" என்று மூன்று தரம் கேட்டாய். "ஒண்ணுமில்ல" என்றேன். பாதி வழியில்தான் எனக்குப் பொறி தட்டியது. நிலைக்காலில் கொடியும் கிளியும் செதுக்கியிருக்கும், கிளி மேல்பார்த்து உட்கார்ந்திருக்கும். என்னை இழுத்துக்கொண்டு போகும்போது நான் பார்த்த கிளிகள் எல்லாம் தலை கீழே தொங்கின. கிளி தொங்கும்தானே, அதனால் அங்கே யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. என் வெட்டு என்ன சொல்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? மேல்பலகையில் பொருந்துகிற முளைகளை அறுத்துத் தள்ளிவிட்டு, வலதுகாலை இடப்பக்கமும் இடதுகாலை வலப்பக்கமும் தலைகீழாக நிறுத்தித் திருகாணி போட்டுவிட்டார்கள். நான் தேடியது வேறு கால்! கார் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, "டேய், கிளி தலைகீழா நிக்குதுடா!" என்று கத்தினேன். நீ தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து கொடுத்தாய். உன் கண் கலங்கியிருந்தது. அன்று ராத்திரியே மதுரை டாக்டருக்கு நீ போன் போட்டது எனக்குக் கேட்டது.

ஊருக்கு வந்து எட்டு நாள் செக்காலைப் பக்கம் போகவில்லை. ஒன்பதாம் நாள் போனேன். ஆச்சி கட்டிலில்தான் இருக்கிறார், தொண்ணூறைத் தாண்டிவிட்டார், காது மட்டும் கூர்மை. "எங்குட்டுப் போயிட்ட ஆசாரி இம்புட்டு நாளு?" என்றார். உட்காராமலே சொன்னேன். "ஆச்சி, நெலை கோயிலுக்குப் போகல. தாய்லாந்துல ஒரு சாப்பாட்டுக் கடையில இருக்கு. வெளக்கு, மாலை எல்லாம் நாஞ் சொன்ன பொய்யி." ஆச்சி கையை ஊன்றி என் பக்கம் திரும்பினார். பிறகு ஒரே சொல்தான் கேட்டார்: "கொலுசு?"

"தெரியல ஆச்சி."

"தெரியலைன்னு சொல்ல ஒனக்கு இத்தன வருசமா ஆசாரி?"

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன், தம்பி. டீச்சர் இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு மூக்கைத் துடைக்கிறார். உனக்கு அப்பனாக நான் சொல்ல ஏதாவது இருந்தால் அது இதுதான்: தெரியாததைத் தெரியாது என்று அன்றைக்கே சொல்லிவிடு. எழுத்துத் தெரியாது என்று சொல்ல நான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. இதற்கு வெட்கப்பட்டேன். நீயும் என் தலையில் என்ன என்று தெரியாமல் உன் தலையைத் தட்டிக் காட்டினாய். நான் சொல்லாதது பாதித் தப்பு. மீதி உன்னுடையது.

கிளம்பும்போது ஆச்சி, "ஒம் மகன் அங்குட்டுத்தான இருக்கான்? பாத்துச் சொல்லச் சொல்லு. இருந்தா இருக்குன்னு சொல்லு, இல்லாட்டி இல்லைன்னு சொல்லு" என்றார். எந்த வாசல் என்று கேட்டார். கடை வாசல் என்றேன். கக்கூஸ் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அந்த ஒரு பொய் இன்னும் பாக்கி நிற்கிறது.

நீ போ. அந்த மேனேஜரிடம் முதலில் உன் அப்பனுக்குக் கிறுக்கில்லை என்று சொல். பிறகு இடப்பக்கத்துக் காலில், உள்பக்கம், தரையிலிருந்து ஒரு சாண், அவர்கள் அறுத்த முளையால் இரண்டு விரல் குறையலாம். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் ஒரு ரூபாய் அளவு வட்டம் தெரியும். தட்டினால் சத்தம் மாறும். மெல்லிய கத்தி போதும், நெம்பாதே, சுற்றிச் சுற்றிக் கீறு. இருந்தால் எடுத்து உன் கைக்குட்டையில் முடி. இல்லாவிட்டால், இல்லை என்று எனக்குப் போன் பண்ணு. அதை நான் அப்படியே போய்ச் சொல்லிக்கொள்கிறேன். கக்கூசையும் சேர்த்துச் சொல்லுவேன்.

இது யாருடையது, எதற்காகக் கேட்கிறாய் என்று அந்த ஆள் கேட்பான். பழைய சாமான், செத்துப்போனவர்களுடையது என்று சொல்லிவிடாதே. அன்று ஒக்கூர் வாசலில் நின்றவர்களில் கடைக்காரர் கொரோனாவில் போனார். கையெழுத்துப் போட்ட பங்காளிகள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். கயிறு பிடித்த கொத்தனார் போன ஆடியில் போனார். சோறு கொண்டுவந்த உன் அம்மா போய்விட்டாள். நான் பொய் சொன்னவன், என்னைக் கணக்கில் சேர்க்காதே. உயிரோடு இருக்கிற ஒருவருடைய சாமான் என்று சொல். நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர், நீ அங்கே உரக்கச் சொல்: வள்ளியம்மை ஆச்சி.